கப்பல் பலகையில் ஒரு கை

நானா,

இன்று காலை பச்சைச் சாய டின் ஒன்றைத் திறந்தேன். சிராங்கூன் சாலையில் புதிதாக வெற்றிலைக் கடை போடுகிறவர், பலகைக்குப் பச்சைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கட்டிலுக்கு அடியில் துழாவிப் பழைய டின் ஒன்றை எடுத்தேன். மூடி துருப்பிடித்திருந்தது. உளியால் நெம்பித் திறந்தால், காய்ச்சிய பாலில் ஆடை படிந்த மாதிரி மேலே தடித்த தோல். அதைக் கிழித்ததும் ஆளிவிதை எண்ணெயின் பழைய வாடை எழுந்து மூக்கில் ஏறியது. வெற்றிலைக் கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார். சாயம் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். கெடவில்லை என்றேன். அது உங்கள் கப்பலுக்கு வாங்கியதில் மிச்சம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு பலகைக்கு இவ்வளவு நேரம் கலக்குவார்களா என்று அவர் யோசித்திருப்பார்.

நீங்கள் போய் ஓராண்டுக்கு மேலாகிறது. இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை. என் வீட்டில் ரிக்‌ஷா ஏறினால், வாயில் போட்ட வெற்றிலை தீர்வதற்குள் உங்கள் கடைக்கு வந்துவிடலாம், கடுதாசி எதற்கு? மேலும் நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் வாத்தியார் தலையை ஸ்லேட்டில் வரைந்ததற்காகப் பாதி நாள் வெளியே நின்றவன். மற்றவர்கள் சொல்வதைப் பலகையில் அழகாக எழுதத் தெரியும். நான் நினைப்பதை எழுத உட்கார்ந்தால் கை கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிடுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பலகையில் நான் செய்த பிழைகளையே பொறுத்தவர் நீங்கள்.

நாம் பழக ஆரம்பித்ததே ஒரு பிழையால்தான். அப்போது நான் கோயில் வாகனங்களுக்குச் சாயம் பூசுவேன். மற்ற நாட்களில் கடைகளுக்குப் பலகை எழுதுவேன். உங்கள் கடை ஆற்றோரம், தொங்கான் என்கிற சரக்குப் படகுகள் வந்து ஒதுங்கும் துறைக்குப் பின்னால் இருந்தது. தென்னங்கயிறு, மணிலாக் கயிறு, பாய்மரத் துணி, தார் விற்றீர்கள். கடைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கப்பலும் வேண்டும் என்றீர்கள். மூன்று பாய்மரம் வைத்துப் பிரமாதமாக ஒன்று வரைந்து, பலகையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கினேன். நீங்கள் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள்.

"தம்பி, பாயெல்லாம் கெழக்கால உப்பியிருக்கு. கொடியெல்லாம் மேக்கால பறக்குது. இந்தக் கப்பல் எந்த ஊருக்குப் போவுது?"

எனக்குக் காதுவரை சுட்டது. திருத்தித் தருகிறேன் என்றேன். நீங்கள் விடவில்லை, அப்படியே மாட்டச் சொன்னீர்கள். சிரிக்க வருகிற கப்பல்காரன் சும்மா போகமாட்டான், இரண்டு முழம் கயிறாவது வாங்குவான் என்றீர்கள். அப்படித்தான் நடந்தது. துறையில் வேலை செய்தவர்கள் புதிதாக வந்தவர்களை அழைத்துவந்து அந்தப் பலகையைக் காட்டினார்கள். நான் ஊரில் பெயர் எடுத்தது அந்தக் கப்பலால்தான். எப்படிப்பட்ட பெயர் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாளாவது உங்கள் கடையின் பின்கட்டில் இருப்பேன். கயிற்றுச் சுருள் ஒன்றை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க, பெரிய சித்திரக்காரரே" என்பீர்கள். உங்கள் தெருவில் அண்ணனை அழைப்பதுபோல நானும் உங்களை நானா என்பேன். அடுத்த வாசல் சீனர் கடையிலிருந்து கோப்பி வரும். நான் கோயில் கதை சொல்வேன், நீங்கள் கடல் கதை சொல்வீர்கள். இரண்டிலும் பாதிக்கு மேல் நம் சொந்தச் சரக்கு.

உங்கள் துறைத் தெருக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அவுலியா என்கிற மகானின் பேரில் எடுக்கும் கந்தூரி விழாவைப் பற்றி அங்கேதான் கேட்டேன். மரத்தில் செய்த கப்பலைச் சக்கரத்தின் மேல் ஏற்றி, அதில் பச்சைக் கொடியை வைத்து, மேளத்தோடு தெருத் தெருவாக இழுத்துப்போய்க் கொடி ஏற்றுவீர்கள். அந்தக் கொடி உங்கள் வீட்டிலிருந்துதான் புறப்படும். பாய்மரத் துணி தைக்கிற ஊசியால் உங்கள் பாட்டனார் தைத்ததாம் முதல் கொடி. அன்றிலிருந்து அதைத் தலையில் சுமந்துவந்து கப்பலில் ஏற்றுவது உங்கள் குடும்பத்தின் உரிமை. பாட்டனாருக்குப் பிறகு உங்கள் வாப்பா, அவருக்குப் பிறகு நீங்கள். மற்ற எதையும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்கிற மனிதர், அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

"வருசம் பூரா நான் கயித்துக் கடைக்காரன், தம்பி. அன்னிக்கு ஒரு நாள்தான் எங்க வாப்பாவுக்கு மவன்" என்று ஒரு தடவை சொன்னீர்கள். அந்தப் பேச்சை அன்று நான் காதில் சரியாக வாங்கியிருக்க வேண்டும்.

ஜெர்மன் சண்டைக்கு இரண்டு மூன்று ஆண்டு முந்தி அந்தக் கப்பலின் பலகைகளைக் கரையான் தின்றுவிட்டது. உங்கள் பின்கட்டில் கொண்டுவந்து வைத்துப் புதுப் பலகை அடித்தார்கள். சாயம் பூச என் பெயரைச் சொன்னவர் நீங்கள்தான். கோயில் வேலை செய்கிறவரிடமா கொடுப்பது என்று சிலர் முணுமுணுத்தார்களாம். 'அவருக்குக் கப்பல் வரைய வராது, ஆனா கடல் நல்லா வரும். கப்பல்தான் ஏற்கெனவே மரத்துல இருக்கே' என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்து ஒத்துக்கொள்ளச் செய்தீர்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வேலை தொடங்கின அன்று அவுலியாவின் கதையைச் சொன்னீர்கள். நடுக்கடலில் ஒரு கப்பலின் அடியில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறுகிறது. கப்பலில் இருந்தவர்கள் அவரை நினைத்துக் கதறுகிறார்கள். வெகு தூரத்தில் கரையில் உட்கார்ந்து முடி மழித்துக்கொண்டிருந்த அவர், கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கி எறிகிறார். அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிவிட்டது. அந்தக் கப்பலில் உங்கள் முன்னோர் யாரோ இருந்த மாதிரிதான் சொன்னீர்கள். அதன் பிறகு, என்ன வரைய வேண்டும் என்பதை விரல் விட்டுச் சொன்னீர்கள். கடல், அலை, மீன், கப்பல், அதன் ஓட்டையை நோக்கி வருகிற அந்தக் கண்ணாடி.

"ஆள் மட்டும் வேணாம், தம்பி. முகம் வேணாம், கை கால்கூட வேணாம். எங்க மார்க்கத்துல அது ஆவாது. மறந்துராதீங்க."

மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்று இவ்வளவு வலி இருக்காது.

நீங்கள் கயிறு வாங்கப் பினாங்குக்குக் கப்பலேறினீர்கள். நான் கடலை முடித்தேன். நன்றாகவே வந்தது. சுறா, திருக்கை, வாலைத் தூக்கிய திமிங்கிலம் எல்லாம் போட்டேன். அதன்பின் வலது பக்கப் பலகையில், ஓட்டையை நோக்கிப் பறந்து வருகிற கண்ணாடி. அங்கேதான் சனி பிடித்தது. எப்படிப் போட்டாலும் வானத்தில் ஒரு அப்பளம் பறக்கிற மாதிரி இருந்தது. என் மகள் வள்ளி எனக்குச் சோறு கொண்டுவருவாள். அப்போது ஒன்பது வயது. அவளும் பார்த்துவிட்டு, "இது நிலாவாப்பா?" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. எறிந்தது யார் என்று தெரியாமல் எறிந்த பொருள் மட்டும் பறந்தால் பார்க்கிறவனுக்கு என்ன புரியும்? மேகத்திலிருந்து ஒரே ஒரு கை, மணிக்கட்டு வரை மட்டும். முகம் இல்லை, உடம்பு இல்லை. ஒரு கையால் என்ன வந்துவிடும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். நீங்கள் திரும்பி வந்து பார்த்து, அசந்துபோய் நிற்பதாகவும் நினைத்துக்கொண்டேன். வாத்தியார் தலையை வரைந்த பையனுக்கு வேறு எந்தப் புத்தி வரும்?

வள்ளியின் வளையல்களைக் கழற்றச் சொல்லி, சோற்றை மூடிக் கொண்டுவந்த தட்டைக் கையில் கொடுத்து, எறிகிற மாதிரி நிற்கச் சொன்னேன். கை வலிக்கிறது என்று அழாத குறையாக நின்றாள். ஆயுசுக்கும் நான் வரைந்ததில் அந்தக் கை போல ஒன்று அமைந்ததில்லை. விரல்கள் உயிரோடு இருந்தன. முடித்த கையோடு, என் வழக்கப்படி உள்ளங்கையில் சிவப்பைப் பூசினேன். இருபது ஆண்டாக வாகனங்களிலும் திரைகளிலும் சாமிக்குக் கை வரைகிறவன். சாமியின் உள்ளங்கை சிவப்பு. அதை யோசித்துப் பூசவில்லை. கை தானாகப் போய்ச் சிவப்பைத் தொட்டது.

நீங்கள் வந்து இறங்கியது கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் பின்கட்டுக்கு வந்தீர்கள். இடது பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். ஏணிக் கயிற்றில் முடிச்சு தப்பு என்றீர்கள். வலது பக்கம் வந்ததும் பெட்டியைக் கீழே வைத்தீர்கள்.

"கை ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றீர்கள் கடைசியில். "அதான் வம்பு."

உடனே அழித்திருக்கலாம். ஆனால் நீங்கள் வருவதற்கு முந்தின நாளே அந்தப் பக்கம் வந்த இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நீங்கள் கைகால் கழுவி வருவதற்குள் தெருப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் பின்கட்டுக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு மூத்தவர் தொங்கான்கள் வைத்திருந்த பெரியவர். அவர் சொன்னால் துறையில் மறுபேச்சு இல்லை. நான் தார்ப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவ அங்கே உட்கார வேண்டிய அவசியம் இல்லை.

"அவுலியா கையில மருதாணியா?" என்றார் ஒருவர். "கல்யாணப் பொண்ணு கை மாதிரில்ல இருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமியின் உள்ளங்கை என்று நான் பூசிய சிவப்பு அவர்கள் கண்ணுக்கு மருதாணி. விரல்கள் வேறு ஒன்பது வயதுப் பெண்ணின் விரல்கள். அவர்கள் கண் பொய் சொல்லவில்லை, நானா. இன்றைக்கும் அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இன்னொருவர், மொகரம் பண்டிகையில் கம்பத்தில் வைத்துத் தூக்குகிற பஞ்சாக் கை மாதிரி இருக்கிறது, அதைத்தானே வேண்டாம் என்று நம் தெருவில் நிறுத்தினோம் என்றார். கூட வந்திருந்த இளவட்டம் ஒருவர், கோயிலுக்குச் சாயம் பூசுகிறவரிடம் கொடுத்தால் கோயில்தான் வரும் என்றார். பேச்சு பலகையை விட்டு வெளியே போய்விட்டது. யார் யாருடைய சாமியைத் தொடலாம், யார் கை எதுவரை நீளலாம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தொங்கான் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத வரையச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றீர்கள்.

"நீங்களா?"

"நான்தான். அவரு கேட்டாரு, ஆள் வேணாமான்னு. கை மட்டும் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். தப்பு என் பேருல."

பெரியவர் மெல்லத் தலையைத் திருப்பி என் பீப்பாய்ப் பக்கம் பார்த்தார். எழுந்து நாலு அடி வைத்தால் போதும். 'இவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை' என்றால் முடிந்துபோகும். என்னை என்ன செய்துவிடுவார்கள்? திட்டுவார்கள். துடைத்துவிட்டுப் போ என்பார்கள். நான் குனிந்து, கழுவின தூரிகையையே மறுபடியும் கழுவினேன்.

ஏன் என்று நூறு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின இரவே கோயில்காரர்கள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து, அங்கே போய்ச் சாமி கையை வரைந்து கொடுத்தாயாமே, நம் சாமியின் கையை வாடகைக்கா விடுகிறாய் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இனி வாகன வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் இருந்தது. இது ஒரு காரணம். வெளியில் சொல்லிக்கொள்ள வசதியான காரணம். உண்மைக் காரணம் அதைவிடச் சின்னது. அந்தக் கை நன்றாக வந்திருந்தது. அதை நான் வரைந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. அதை வரைந்தது தப்பு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

முடிவு அரை மணியில் வந்தது. கையை அழிக்க வேண்டும், கப்பல் போகலாம். ஆனால் இந்த ஆண்டு கொடி வேறு வீட்டிலிருந்து புறப்படட்டும் என்றார் பெரியவர். நீங்கள் "சரிங்க" என்றீர்கள். அந்த ஒரு சொல்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைலி முனையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தீர்கள்.

அன்று சாயங்காலம் நீலத்தைக் குழைத்து அந்தக் கையின் மேல் பூசினேன். வள்ளி பக்கத்தில் நின்று, "ஏம்பா என் கைய நீலத்துல அமுக்குறீங்க?" என்று கேட்டாள். நான் பூசிக்கொண்டே இருந்தேன். நீங்கள்தான் அவளுக்குப் பேரீச்சம்பழம் ஒன்றைக் கொடுத்து, "எங்கயும் போவலம்மா. அடியிலதான் இருக்கு" என்றீர்கள். நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. நான் வாங்கியிருந்த மலிவுச் சிவப்பின் மேல் வேறு எந்தச் சாயமும் நிற்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊறி மேலே வந்துவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் நீல வானத்தில் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. இன்னொரு பூச்சுக் கொடுத்தேன். அதையும் தாண்டி வந்தது. கை தெரியவில்லை, விரல் தெரியவில்லை, சிவப்பு மட்டும் மங்கலாகப் பரவி நின்றது. ஊர்வலத்தில் அதைப் பார்த்த யாரோ, விடியக்காலத்தை எவ்வளவு தத்ரூபமாகப் போட்டிருக்கிறார் பாருங்கள் என்றார். ஊரார் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அதுதான். அதைக் கேட்டு அழுத சித்திரக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று கொடி வேறொருவர் தலையில் போயிற்று. நீங்கள் கப்பலுக்குப் பின்னால் நடந்தீர்கள். ஆண்டுதோறும் அன்று போடுகிற புதுத் தொப்பியைப் போடவில்லை. துறைமுனையில் நின்றிருந்த என்னைப் பார்த்து, எப்போதும் போல் கையை உயர்த்தினீர்கள். இந்த ஆண்டு மட்டும் என்று பெரியவர் சொன்னது அடுத்த ஆண்டும் நீண்டது. அதற்கடுத்த ஆண்டு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்படியே அது வேறு வீட்டு வழக்கமாகிவிட்டது.

நம் பழக்கம் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. கயிற்றுச் சுருள், கோப்பி, கடல் கதை எல்லாம் முன்போலவே இருந்தன. மூன்று தடவை நான் பேச்செடுத்தேன். "நானா, அன்னிக்கு அந்தக் கை..." என்று தொடங்குவேன். "கோப்பி ஆறுது, தம்பி" என்பீர்கள். மூன்று தடவையும் கோப்பி ஆறவில்லை, வாய் வெந்தது. வள்ளியின் கல்யாணத்துக்கு, கீற்று மழையில் ஒழுகும் என்று சொல்லி, கடையிலிருந்த புதுப் பாய்மரத் துணியையெல்லாம் கொண்டுவந்து பந்தலுக்கு மேல் கட்டினீர்கள். நீங்களே ஏணியில் ஏறி முடிச்சுப் போட்டீர்கள். கீழே நின்ற என்னிடம், இந்த முடிச்சையாவது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கப்பலுக்கு உதவும் என்றீர்கள். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் போனது மழைக்காலத்தில், மார்ச்சளியில். பத்து நாள்கூடப் படுக்கவில்லை. உங்கள் மையத்தை எடுத்தபோது, அடக்கம் செய்யும் கபுர்ஸ்தான் வரை நடந்து வந்தேன். மண் போடலாமா என்று தயங்கி நின்றபோது உங்கள் மகன் என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். மூன்று பிடி போட்டேன்.

நாற்பது நாள் கழித்துத் தொங்கான் பெரியவரைப் பார்க்கப் போனேன். இப்போது அவருக்குப் பார்வை மங்கல். கிடங்கு வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். என் பெயரைச் சொன்னதும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கை வேண்டாம் என்று நீங்கள் சொன்னது, நான் கேட்காமல் வரைந்தது, பீப்பாய்க்குப் பின்னால் இருந்தது, எல்லாவற்றையும். ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் பண்ணியிருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஆள் உருவம் இருக்காதுன்னு எங்ககிட்ட உறுதி சொல்லிட்டுப் போயி நாலு வாரம் பினாங்குல இருந்த மனுசன் எப்பங்க வந்து ஒங்ககிட்ட கை போடச் சொன்னாரு? எங்களுக்கு அது தெரியாதா? சபையில வச்சு அவரப் பொய்யர்னு சொல்ல மனசு வரல. நீங்க அந்தப் பீப்பாய்க்குப் பின்னாடிதான் இருந்தீங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா கொடி அவரு தலையவிட்டு எறங்கியிருக்காது. அடுத்த வருசமும் பாத்தேன்." கொஞ்சம் இருமினார். "அப்புறம் பாக்குறத விட்டுட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வானம் மூடியிருக்கிறது, மழை வரும் என்பதுபோலச் சொன்னார். அங்கிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. வழியில் ஒரு ரிக்‌ஷாக்காரர் மணியடித்துத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

நேராக உங்கள் கடைக்குப் போனேன். உங்கள் மகன் கயிறு அளந்துகொண்டிருந்தார். சபையைக் கூட்டச் சொல்லுங்கள், நான் எல்லார் முன்னாலும் வந்து சொல்கிறேன், கொடி உங்கள் வீட்டுக்குத் திரும்பட்டும் என்றேன். அவர் கயிற்றை விடாமல், அளவை முடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். உங்களைப் போலவே.

"மாமா, நீங்க வந்து சொன்னா கொடி எங்க வீட்டுக்கு வந்துரும். சபையில வாப்பா பொய் சொன்னாருங்கறதும் கூடவே வந்துரும். வேணாம் மாமா. அவரு சொன்ன மாதிரியே இருக்கட்டும்."

நான் என்ன சொல்ல முடியும்? சொல்லியிருக்க வேண்டிய நாளில் என் வாய் மூடியிருந்தது. இப்போது என் வாய் திறந்தால் அது உங்கள் மேல் விழுகிறது.

ஊரில் இன்னும் அதே பேச்சுதான், நானா. யாரோ எங்கேயோ அடுத்தவர் சாமியை வரைந்துவிட்டார் என்றால் கோப்பிக் கடையில் உடனே இரண்டு கட்சி கட்டிவிடுகிறார்கள். வரையலாம் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். நான் சித்திரக்காரன் என்பதால் என்னைப் பார்த்து நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது. எதையாவது சொல்லி எழுந்து வந்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது சின்ன விஷயம். என்னை நம்பி வீட்டுக்குள் விட்டார்கள். ஒன்றே ஒன்று வேண்டாம் என்றார்கள். அதைத்தான் நான் செய்தேன். செய்ததை ஒத்துக்கொள்ளவும் இல்லை. இதற்கு இரண்டு கட்சி எதற்கு?

போன வாரம் கந்தூரிக் கொடி ஏறியது. ஊர்வலம் பார்க்கப் போனேன். நீங்கள் போன பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. தெருமுனையில், கூட்டம் நெருக்குகிற இடத்தில் நிற்பேன். கப்பல் என் எதிரே வரும்போது மேளம் உச்சத்துக்குப் போகும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அந்த நேரத்தில், "அந்தக் கைய நான்தான் வரைஞ்சேன், கயித்துக் கடை நானா சொல்லல" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். முணுமுணுப்பது இல்லை, உரக்கவே சொல்கிறேன். கப்பல் தாண்டியதும் மேளம் தணிந்துவிடும். மேளம் தணிவதற்குள் சொல்லி முடித்து, வாயை மூடிக்கொள்கிறேன்.